895 கிலோ: ஆல்ஃபா ரோமியோ 4சியில் உலு யாம் வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் காரில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. கோலாலம்பூர் செந்தூலில் அண்ணனுடைய பட்டறை வாசலிலிருந்து, இருவர் மட்டும் உட்காரும் அந்தச் சிவப்பு இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் 4சியை வெளியே எடுக்கும்போதே என் தோள்பட்டைக்கு அது தெரிந்துவிட்டது. நின்ற இடத்தில் திருப்பினால் மாவாட்டும் கல்லைச் சுற்றுவது போல இருந்தது. "நின்னுக்கிட்டே திருப்பாதே தம்பி, கொஞ்சம் உருளவிட்டுத் திருப்பு" என்றார் பக்கத்தில் இருந்த அண்ணன். ஒரு முழம் உருண்டதும் கனம் பாதியாகிவிட்டது.

பவர் ஸ்டீயரிங்கை விட்டது காசை மிச்சம் பிடிக்க அல்ல, எடையைக் குறைக்க. 2011 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஆல்ஃபா ரோமியோ இதை ஒரு கான்செப்டாக, அதாவது விற்பனைக்கு முந்தைய மாதிரிக் காராகக் காட்டியது. சுமார் நான்கு மீட்டர் நீளம், கார்பன் ஃபைபர் கூடு, இருக்கைக்குப் பின்னால் என்ஜின், பின்சக்கர ஓட்டம். இப்படிக் கண்காட்சி மேடையில் நிற்கும் கார்கள் எத்தனையோ பார்த்திருக்கிறோம், தொழிற்சாலைக்குள் போய் வெளியே வருவதற்குள் கார்பன் அலுமினியமாகும், அலுமினியம் இரும்பாகும், கடைசியில் விளக்கின் சாயல் மட்டும்தான் மிஞ்சும். 4சிக்கு அப்படி நடக்கவில்லை. 2013-இல் அதே ஜெனீவாவில் விற்பனைக்கான கார் வந்தபோது அந்தக் கார்பன் கூடு அப்படியே இருந்தது. கூட்டின் எடை வெறும் 65 கிலோ. எண்ணெய், தண்ணீர் ஊற்றாமல் ஐரோப்பிய காரின் மொத்த எடை 895 கிலோ. நம் ஊர்ச் சின்னக் கார் மைவியே ஏறக்குறைய ஆயிரம் கிலோ இருக்கும், நினைத்துப் பாருங்கள். மோடெனாவில் மஸராட்டி ஆலையில் வைத்து இதைக் கட்டினார்கள். முதலில் வந்த லான்ச் எடிஷனில் ஐரோப்பாவுக்கு 400, வட அமெரிக்காவுக்கு 500 என்று எண்ணித்தான் ஒதுக்கினார்கள், உற்பத்தி 2020-இல் முடிந்துவிட்டது.

பெயரில் உள்ள 4சி நான்கு சிலிண்டரைக் குறிக்கிறது. அந்தக் காலத்து 6சி, 8சி வரிசையின் தொடர்ச்சி. இதற்கு முன் வந்த 8சி காம்பெடிசியோனேவும் 2003-இல் கான்செப்டாகத் தொடங்கி 2007-இல் சாலைக்கு வந்ததுதான். ஆனால் அது 4.7 லிட்டர் எட்டு சிலிண்டர் (வி8) என்ஜின், கூரை வைத்த கார் 500 மட்டுமே கட்டினார்கள். இங்கே ஒரு மலேசியக் கணக்கையும் சொல்ல வேண்டும். 4சியின் டர்போ என்ஜின் 1,742 சிசி, 240 குதிரைத்திறன். நம் சாலை வரி சிசியைப் பார்த்துப் போடுவது என்பதால் அண்ணன் கட்டுவது ஆண்டுக்கு 257 வெள்ளி கூட இல்லை, சாதாரண 1.8 லிட்டர் குடும்பக் காருக்குக் கட்டுவதை விடக் கொஞ்சம் குறைவு. அந்த 8சியை இங்கே பதிந்தால் ஒன்பதாயிரத்தைத் தாண்டும்.

அப்புறம் ஓட்டம். ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்பி பத்துமலையைத் தாண்டி சுங்கை துவா வழியாக அணைக்கட்டுப் பக்கம் ஏறினோம். அந்த உலு யாம் சாலை தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வளைவு முடிந்தால் வளைவு, இரண்டு பக்கமும் காடு, நிழலில் தார் இன்னும் ஈரமாக இருக்கும். நகரத்துக்குள் கையை வலிக்க வைத்த அதே ஸ்டீயரிங் இங்கே பேச ஆரம்பித்தது. ஈரம் எங்கே தொடங்குகிறது, ஒட்டுப்போட்ட தார் எங்கே முடிகிறது, முன் டயர் எவ்வளவு பிடிக்கிறது என்று எல்லாமே உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. நான் இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறேன், இந்தச் சாலையில் நூறு தடவையாவது போயிருப்பேன், அதன் சொரசொரப்பை அன்றைக்குத்தான் கையால் தொட்டேன். வேகமாகப் போகவில்லை, சைக்கிள்காரர்களும் குரங்குகளும் நிறைய. மெதுவாகப் போகும்போதும் இந்தச் சுகம் குறையவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. காதுக்குப் பின்னால் டர்போ சீறுகிறது, காலை எடுத்தால் ஒரு பெருமூச்சு விடுகிறது. கியருக்குக் கோல் இல்லை, பொத்தான்களும் ஸ்டீயரிங் பின்னால் உள்ள துடுப்புகளும்தான்.

மேடுபள்ளமான இடத்தில் கார் தன் இஷ்டத்துக்கு இழுக்கும், தாரில் விழுந்த தடத்தை டயர் பின்தொடர்கிறது. முதல் தடவை பயமாக இருந்தது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் விரலைத் தளர்த்தி வைத்துக்கொண்டால் தானே நேராகிவிடுகிறது, அதற்குப் பழக அரை மணி நேரம் ஆனது.

குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். பின்கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. கார்பன் கூட்டின் விளிம்பு அகலம், அதைத் தாண்டி உள்ளே இறங்க வேண்டும். அண்ணி ஒரே ஒரு முறை சேலையோடு கோயிலுக்கு ஏறிவிட்டு, இனி கூப்பிடாதே என்று சொல்லிவிட்டாராம். முன் மூடி திறக்காது, திருகி மூடியது. சாமான் வைக்கும் இடம் பின்னால் 110 லிட்டர், அதுவும் என்ஜினை ஒட்டி இருப்பதால் சுடும், டுரியான் கடையில் நிறுத்த ஆசைப்பட்டு அப்படியே வந்துவிட்டோம். முதலில் வந்த கார்களின் முன்விளக்கு, கார்பன் தட்டில் சிறு சிறு பல்புகளைப் பதித்தது, எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆல்ஃபாவின் 1967-ஆம் ஆண்டுக் கார் 33 ஸ்ட்ரடாலேயை, மொத்தமே 18 கார் கட்டிய அந்த அழகியை, நினைவுபடுத்தும் உடம்புக்குச் சிலந்தி முகம் எதற்கு? பின்னால் ஸ்பைடருடன், அதாவது கூரையைக் கழற்றக்கூடிய 4சியுடன் வந்த, கண்ணாடி மூடிய விளக்குதான் சரி.

வாங்க நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். அண்ணன் இதை ரீகண்டாக, அதாவது வெளிநாட்டில் ஓடி இங்கே இறக்கிய காராக எடுத்தபோது விற்ற கடை, எந்தக் கடை என்று எழுதப்போவதில்லை, கல் மாதிரி இறுகிப்போன பழைய டயரோடு கொடுத்துவிட்டது. முதல் மழையிலேயே பின்பக்கம் வழுக்கியதாம். டயரில் போட்டிருக்கும் தயாரிப்பு வாரத்தை நீங்களே குனிந்து படியுங்கள். அதைவிட முக்கியம், லிஃப்டில் ஏற்றிக் கூட்டின் அடிப்பாகத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இரும்பு நெளிந்தால் தட்டி எடுக்கலாம், கார்பன் வெடித்தால் நம் பட்டறைகளில் அப்படிச் செய்ய முடியாது. கடைவீதி வேகத்தடைகள் உயரம், இந்தக் காரின் வயிறோ தரையை ஒட்டியது.

வீட்டுக்கு இது ஒன்றுதான் கார் என்றால் வேண்டாம். கூரை போட்ட இடமும் வேலைக்குப் போக இன்னொரு காரும் இருந்தால், நான் வேறு எதையும் பார்க்க மாட்டேன். பத்தாங் காலியில் தே தாரிக் குடிக்கும்போது அண்ணனிடம் விற்கிற எண்ணம் உண்டா என்று கேட்டேன். "காடி என்னோடது, ஞாயித்துக்கிழமை மட்டும் உனக்கும் தர்றேன்" என்றார். திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன்.