தமிழ் ஆய்வேட்டுக்கு ஸோட்டெரோ: நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

புதுச்சேரியில் தமிழ் முதுகலை மாணவர்களுக்கு ஆய்வு நெறியாளராக இருக்கிறேன். என் எம்.ஃபில். ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலுக்காக நிறுவிய ஸோட்டெரோவை இன்றுவரை விடவில்லை. இப்போது மாணவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்த மென்பொருளைப் பற்றிய வழிகாட்டிகள் கொட்டிக் கிடக்கின்றன. நம் மாணவர்கள் நிலைமை வேறு. அச்சு நூல், பழைய நூலின் ஸ்கேன், நாளிதழ்ச் செய்தி, சங்கப் பாடல் எல்லாம் ஒரே கட்டுரையில் கலந்து வரும். அவர்களுக்கு இது எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது, எங்கே நாமே உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: ஸோட்டெரோ என்பது படித்தவற்றின் விவரங்களைச் சேர்த்துவைத்து, வேர்டில் எழுதும்போது மேற்கோள் குறிப்பையும் துணைநூற்பட்டியலையும் தானே அமைத்துத் தரும் இலவச மென்பொருள். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் வெளிவந்தது. லிப்ரே ஆபீஸிலும் கூகுள் டாக்ஸிலும் வேலை செய்யும்.

இதனால் கிடைத்த பெரிய நிம்மதி, வடிவம் மாற்றுவது. துறையில் எம்.எல்.ஏ. எனும் மேற்கோள் முறையைக் கேட்பார்கள். அதே கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினால் ஏ.பி.ஏ. என்ற வேறொரு முறையைக் கேட்பார்கள். முன்பெல்லாம் ஆண்டை ஆசிரியர் பெயருக்குப் பக்கத்துக்கு இழுத்து, புள்ளி, காற்புள்ளி எல்லாம் மாற்றி, இரவெல்லாம் உட்கார வேண்டும். இப்போது ஒரு தேர்வை மாற்றினால் பட்டியல் முழுவதும் மாறிவிடுகிறது. 2019இல் வந்த ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பும் 2021இல் வந்த எம்.எல்.ஏ. ஒன்பதாம் பதிப்பும் பதிப்பித்த ஊரைப் பொதுவாகக் கேட்பதில்லை. தமிழ்த் துறைகளில் பல இடங்களில் இன்னும் ஊர் கேட்கிறார்கள். அதனால் ஊர்ப் பெயரை எப்போதும் நிரப்பி வைத்துவிடச் சொல்வேன். கேட்கிற வடிவம் எடுத்துக்கொள்ளும், கேட்காதது விட்டுவிடும்.

சரி, வடிவத்தை அது பார்த்துக்கொள்கிறது. உள்ளே போகிற விவரத்தை யார் பார்ப்பது? நாம் தட்டுவதை அப்படியே நம்புகிற மென்பொருள் இது. நூலின் உலக அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொடுத்தால் நூல் விவரம் தானே வந்து விழும் என்று மாணவர்கள் ஆசையாகத் தட்டுவார்கள். தமிழ் நூலுக்கு வருவது பெரும்பாலும் ரோமன் எழுத்தில், புள்ளியும் கோடும் போட்ட தலைப்பு. உலகத்தின் பெரிய நூலகப் பட்டியல்கள் தமிழ் நூல்களை அப்படித்தான் பதிந்து வைத்திருக்கின்றன. ஆண்டும் பதிப்பகமும் அதிலிருந்து கிடைக்கும். தலைப்பையும் ஆசிரியரையும் தமிழில் மறுபடி அடித்தாக வேண்டும். அந்த எண்ணே 1970 வாக்கில்தான் உலக வழக்குக்கு வந்தது. அதற்கு முந்திய நூல்களுக்கு எல்லாமே கைவேலை.

அந்தக் கைவேலையில்தான் சுவாரசியம் இருக்கிறது. ரோமன் ரோலண்ட் நூலகத்திலோ காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆனந்தரங்கப் பிள்ளை நூலகத்திலோ ஒரு பழைய தமிழ் நூலை எடுத்தால், முதல் பக்கத்தில் ஒரு சின்னப் பத்தியே இருக்கும். இன்னார் இயற்றியது, இன்ன வித்துவான் பரிசோதித்தது, இன்ன ஊர் செல்வந்தர் வேண்டுகோளின்படி, இன்ன அச்சுக்கூடத்திற் பதிப்பிக்கப்பட்டது என்று நான்கைந்து பெயர் வரிசையாக நிற்கும். இதில் ஆசிரியர் யார், பதிப்பாசிரியர் யார், பதிப்பகம் எது? இயற்றியவரை ஆசிரியர் கட்டத்திலும், பரிசோதித்தவரைப் பதிப்பாசிரியர் கட்டத்திலும், அச்சுக்கூடத்தைப் பதிப்பகக் கட்டத்திலும் போடச் சொல்கிறேன். பணம் கொடுத்தவர் பெயர் குறிப்புப் பகுதிக்குப் போகும். ஆய்வுக்கு அவர் பெயரும் ஒருநாள் தேவைப்படும், விட்டுவிடக் கூடாது.

ஆண்டு இன்னும் கடினம். "அம்மா, இதுல வருஷமே போடலை" என்று ஒரு மாணவி நூலைக் கொண்டுவந்து காட்டினாள். போட்டிருந்தது. பக்கத்தின் அடியில் "விளம்பி ௵ தை ௴" என்று இருந்தது. அந்த இரண்டு குறிகளும் வருஷம், மாதம் என்பதற்கானவை என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விளம்பி 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1838-39, 1898-99, 1958-59, கடைசியாக 2018-19. எந்தச் சுற்று என்பதை அச்சுக்கூடத்தின் பெயர், தாள், முன்னுரையில் வாழ்த்துச் சொன்ன புலவர்களின் காலம் ஆகியவற்றை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். இந்த நூல் 1898-99 சுற்றைச் சேர்ந்தது. அடுத்து மாதம். சித்திரையில் பிறக்கிற தமிழ் வருஷம் ஆங்கில வருஷம் இரண்டைத் தொட்டுக்கொண்டு போகும். தை என்றால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. ஆகவே 1898 என்று எழுதினால் பிழை, 1899 என்றுதான் போட வேண்டும். தேதிக் கட்டத்தில் 1899ஐயும், குறிப்புப் பகுதியில் நூலில் உள்ளபடியே "விளம்பி, தை" என்றும் எழுதி வைத்தோம். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்டால் காட்ட ஆதாரம் இருக்கிறது.

மறுபதிப்புகளிலும் ஆண்டு குழப்பும். கையில் இருப்பது பத்தாம் பதிப்பு, முதற்பதிப்பு அரை நூற்றாண்டுக்கு முந்தியது என்றால், பார்த்த பதிப்பின் ஆண்டைத்தான் தேதிக் கட்டத்தில் போட வேண்டும். முதற்பதிப்பின் ஆண்டை 'எக்ஸ்ட்ரா' என்ற கட்டத்தில் 'ஒரிஜினல் டேட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்துச் சேர்த்தால், ஏ.பி.ஏ. வடிவம் இரண்டு ஆண்டையும் எடுத்துக் காட்டும். இதை நான் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். பலருக்கு இன்னும் தெரியாது.

அடுத்தது பெயர். குடும்பப் பெயர், இட்ட பெயர் என்று இரண்டு கட்டம் உள்ள அமைப்பு இது. இணையப் பக்கத்திலிருந்து எடுக்கும்போது கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வதுண்டு. அப்படி எடுத்தால் ஆனந்தரங்கப் பிள்ளை, பட்டியலில் "பிள்ளை" என்ற பெயரின் கீழ் போய் நிற்பார். பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவரை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய மனிதரை இப்படிக் குறிப்பிட்டால் புதுச்சேரியில் யாருக்குத் தெரியும்? பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தினால் இரண்டு கட்டமும் ஒன்றாகிவிடும். முழுப் பெயரையும் அதில் இட்டுவிடலாம். தலைப்பெழுத்து உள்ள பெயருக்கு அது சரிப்படாது. "மு. வரதராசன்" என்று ஒரே கட்டத்தில் இட்டால் அகரவரிசையில் "மு"வுக்குப் போய்விடுவார். அங்கே இரண்டு கட்டத்தையும் பயன்படுத்தி "வரதராசன், மு." என்று வரவைக்க வேண்டும். அப்புறம் அடைமொழிகள். பாவேந்தர் பாரதிதாசன், புரட்சிக்கவிஞர் பாரதிதாசன், கனக. சுப்புரத்தினம் என்று ஒரே பட்டியலில் ஒருவரே மூன்று பேராக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வடிவத்தை முடிவு செய்து எல்லா நூலுக்கும் அதையே வைக்க வேண்டும். அடைமொழியைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

இனி இணையம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் இல்லாவிட்டால் எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் முதன்மை ஆதாரத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாகச் சென்னை அரசு அச்சகத்தில் வந்தது. இன்று அதை விடுதி அறையிலிருந்தே திறக்கலாம். ஸ்கேனைப் பார்த்தவர் அச்சு நூலைப் பார்த்தது போலக் காட்டக் கூடாது, வெறும் இணைப்பை மட்டும் ஒட்டிவிட்டும் போகக் கூடாது. தொகுதி எண், பதிப்பாசிரியர், ஆண்டு, பக்கம் என்று அச்சு நூலின் விவரம் முழுவதும் வேண்டும். அதன் பின்னால் எந்தத் தளத்தில் பார்த்தது என்பதும் முகவரியும் வர வேண்டும். நாட்குறிப்பு என்பதால் பதிவின் தேதியையும் சேர்க்கச் சொல்வேன். தமிழ்ப் பதிப்பை வைத்துப் பார்க்கிறவரும் அதே இடத்தைப் பிடித்துக்கொள்வார்.

பக்க எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. திரையில் காட்டும் எண் வேறு, தாளில் அச்சான எண் வேறு. முன்னுரை, படங்கள் எல்லாம் சேர்ந்து இருபது முப்பது பக்கம் தள்ளிப்போகும். ஸோட்டெரோவுக்குள்ளேயே பி.டி.எஃப். திறந்து வண்ணம் தீட்டிக் குறித்துக்கொள்கிற வசதி 2022 முதல் இருக்கிறது. முதல் குறிப்பிலேயே அச்சான பக்க எண்ணைத் திருத்தி, எல்லாப் பக்கத்துக்கும் பொருந்தும்படி அமைத்துவிட்டால், அதன் பிறகு எடுக்கிற மேற்கோள் ஒவ்வொன்றோடும் சரியான எண் தானே ஒட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால், இந்த ஒரு வசதிக்காகவே இதை நிறுவலாம்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற இடங்களில் கிடைப்பது தட்டச்சு செய்த மூலம். அதில் பக்கமே கிடையாது. இலக்கியத்துக்கு அது தடையில்லை. குறள் எண், புறநானூற்றுப் பாடல் எண், சிலப்பதிகாரத்தில் காதையும் அடியும் கொடுத்தால் போதும். ஆனால் எந்தப் பதிப்பின் பாடம், அதாவது மூலத்தின் சொல்வடிவம், என்று சொல்லியாக வேண்டும். உ.வே.சா. 1894இல் பதிப்பித்த புறநானூற்றிலேயே பாடவேறுபாடுகள் கீழே கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சொல்லை வைத்து வாதம் செய்கிற மாணவர் பதிப்பைச் சொல்லாவிட்டால் வாதம் நிற்காது.

நாளிதழ்ச் செய்தியில் அச்சுக்கும் இணையத்துக்கும் தலைப்பே மாறும். அச்சில் பார்த்தால் தேதி, எந்தப் பதிப்பு, பக்கம். இணையத்தில் பார்த்தால் வெளியான தேதி, முகவரி, பார்த்த தேதி. புதிய எம்.எல்.ஏ. முறையில் பார்த்த தேதி கட்டாயமில்லைதான். ஆனாலும் நான் விடச் சொல்வதில்லை. ஒரு செய்தித் தளம் தன் அமைப்பை மாற்றியபோது என் மாணவர் ஒருவரின் மூன்றாம் இயலில் இருந்த இணைப்புகள் அத்தனையும் செத்துப்போயின. உலாவியில் ஸோட்டெரோவின் இணைப்பானைச் சேர்த்திருந்ததால் பக்கங்களின் நகல் அவர் கணினியில் இருந்தது, பிழைத்தார். அதோடு இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பக்கத்தைச் சேமித்து, அந்த முகவரியையும் எழுதிவைப்பது இன்னும் நல்லது. உங்கள் கணினியில் இருக்கும் நகலைத் தேர்வாளர் திறந்து பார்க்க முடியாது. வேபேக் முகவரியை அவரே திறந்து பார்ப்பார்.

விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டலாமா என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள். அந்தக் கட்டுரையின் அடியில் உள்ள நூலைத் தேடிப் படித்து அதைக் காட்டு என்பதே என் பதில். விக்கிப்பீடியாவைப் பற்றியே எழுதுகிறாய் என்றால் 'நிலையான தொடுப்பு' என்பதை எடுத்துக் காட்டு. நாளைக்குக் கட்டுரையைத் திருத்தினாலும் நீ பார்த்த பதிப்பு அப்படியே திறக்கும்.

இப்போது பெரிய கவலை வேறு. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் பட்டியல் கேட்டு வாங்கி வருகிறார்கள். ஆசிரியர் பெயர் உண்மை, பதிப்பகம் உண்மை, ஆனால் அப்படி ஒரு நூலே இருக்காது. புள்ளி, காற்புள்ளி பிசகாமல் இருப்பதால் பார்த்த மாத்திரத்தில் பிடிபடாது. ஸோட்டெரோ அதையும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். அதனால் எங்கள் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம். அச்சு நூல் என்றால் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து, அந்தப் பதிவோடு இணைத்தே ஆக வேண்டும். இணையம் என்றால் பி.டி.எஃப். அல்லது பக்கத்தின் நகல். படமோ நகலோ சேர்க்காத பதிவு பட்டியலில் ஏறாது. நூலகரிடம் சொல்லி அனுமதி வாங்கி எடுக்கச் சொல்கிறேன். இதைத் தொடங்கிய பிறகு "நூலைப் பார்த்தாயா?" என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வேறொருவர் ஆய்வேட்டில் பார்த்த மேற்கோளையும் இப்படித்தான் பிடிக்கிறோம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஓர் ஆய்வேட்டைத் திறந்து, அதன் சான்றெண் விளக்கத்தில் உள்ள பிரெஞ்சு நூலைத் தானே படித்தது போல எழுதுகிறவர்கள் உண்டு. பிரெஞ்சு நிறுவன நூலகம் செயின்ட் லூயி தெருவில்தான் இருக்கிறது, போய்ப் பாருங்கள். போக முடியாவிட்டால் இன்னார் ஆய்வேட்டில் எடுத்தாளப்பட்டது என்று எழுதுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நடவடிக்கை, ஆதாரம் காட்டி எடுத்த மேற்கோளும் துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கில் சேராது. முறையாகக் காட்டுகிறவருக்குப் பயப்பட எதுவும் இல்லை.

செலவு என்று பார்த்தால், கோப்புகளை இணையத்தில் சேமிக்க 300 எம்.பி. இலவசம். ஸ்கேன்கள் சேர்ந்தால் சீக்கிரம் நிறைந்துவிடும். ஸோட்டெரோவில் பலர் சேர்ந்து பயன்படுத்தும் குழுவில் ஏற்றுகிற கோப்புகளும் குழு உரிமையாளர் கணக்கில்தான் சேரும். நூல் விவரங்களுக்கு இந்த வரம்பு இல்லை. ஆகவே குழுவில் பக்கப் படங்களை மட்டும் அளவு குறைத்து வைக்கிறோம், முழு நூல்களை அவரவர் பென் டிரைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

பட்டியலில் வரும் ஆங்கிலச் சுருக்கங்கள் தமிழ் ஆய்வேட்டில் உறுத்தும். வடிவக் கோப்பைத் திறந்து "பக்.", "பதி.", "மற்றும் பலர்" என்று மாற்றிக்கொள்ளலாம். கணினி தெரிந்த ஒருவர் துறைக்கு ஒருமுறை செய்துகொடுத்தால் எல்லோருக்கும் ஆகும். அதுவரை கடைசியில் கையால் மாற்றுங்கள். அதற்கு முன் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' கொடுங்கள். கொடுத்துவிட்டால் குறிப்புகள் வெறும் எழுத்தாகிவிடும், பிறகு ஸோட்டெரோ அவற்றைத் தொடாது. நெறியாளர் மறுபடி ஓர் இயலைத் திருத்தச் சொன்னால் மூலக் கோப்பில்தான் திருத்த வேண்டும்.