2,350 வெள்ளி போச்சு: லைவில் காட்டியது ஒரு விளக்கு, பெட்டியில் வந்தது வேறொன்று

கோபம் அடங்கும் முன்பே இதை எழுதிவிட வேண்டும். அடங்கிவிட்டால் நாகரிகமாக எழுதத் தோன்றும். இவர்களுக்கு அது தேவையில்லை.

2,350 வெள்ளி. நிலக்கரிச் சுரங்கத்துச் சுடர்ப் பாதுகாப்பு விளக்கு 1,450, கார்பைடு தலை விளக்கு 600, விளக்கு அறைப் பித்தளை வில்லை 300. மூன்றும் சேர்த்து ஒரே ஆர்டர், மூன்றுமே மோசடி.

கடையின் பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறார்கள். போடவில்லை, வகையை மட்டும் சொல்கிறேன். ஊசி முதல் உரம் வரை விற்கும் ஆன்லைன் சந்தையில், ராத்திரி லைவ் போட்டுப் பழஞ்சாமான் விற்கும் கடை. பேசுகிறவர் தமிழர். மலேசியாவின் பழைய சுரங்க ஊர்ப் பெயர்களை மூச்சுக்கு மூச்சு இழுப்பார்: பத்து ஆராங், சுங்கை லெம்பிங், கம்பார். பெஸ்தாரி ஜெயாவை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஆள்களைக் குறிவைத்துத்தான் அந்தப் பேச்சு. தோட்டம், ஈயம் (வெள்ளீயம்), நிலக்கரி மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இடம் இது. விளக்கு என்றால் இங்கே கை தானாகப் பர்சுக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும்.

லைவில் காட்டிய விளக்கு அசல். இதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. அடிப்பாகத்தைத் திருகிக் காட்டினார், அசையவில்லை. பெரிய காந்தம் ஒன்றை அடியில் வைத்தார், உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம், பிறகுதான் மரை சுழன்றது. காந்தப் பூட்டு. சுரங்கத்தின் அடியில் எவனும் விளக்கைத் திறந்து பீடி பற்றவைத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. திறக்கும் காந்தம் மேலே, விளக்குகளைக் கொடுத்து வாங்கும் விளக்கு அறையில்தான் இருக்கும். உள்ளே எஃகுக் கம்பிவலை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. அடியில் 417 என்ற எண். மூன்று இலக்கமும் தனித்தனி அச்சால் அடித்தது, நடுவிலிருந்த 1 இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கொக்கியின் உள்வளைவு தேய்ந்து பளபளத்தது. வலைக்கு மேலே தொப்பிக்குள் பழைய புகைக்கரி. “அண்ணே, எங்க தாத்தாவும் பத்து ஆராங்லதான் கரி வெட்டினாரு, பொய் சொல்லி விக்க மாட்டேன்” என்றார். வில்லையிலும் அதே 417. தொழிலாளி வில்லையைக் கொடுத்து, அதே எண்ணுள்ள விளக்கை வாங்கிக்கொண்டு இறங்குவார். ஷிப்ட் முடிந்ததும் எந்த வில்லை மிச்சம் இருக்கிறதோ அந்த ஆள் இன்னும் அடியில் இருக்கிறார் என்று அர்த்தம். விளக்கும் வில்லையும் ஒரே எண்ணில் ஜோடியாகக் கிடைப்பது அபூர்வம். அந்த ஜோடிக்குத்தான் 1,750 வெள்ளி.

பெட்டி வந்தது. தூக்கும்போதே எடை குறைவு. பித்தளையில் செய்த அசல் விளக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ இருக்கும். இது அதில் பாதிகூட வராது. கையால் திருகினால் அடி தானாகக் கழன்றது, பூட்டே கிடையாது. மரை, மெல்லிய தகட்டை அழுத்தி எடுத்தது. அசலில் லேத்தில் வெட்டிய நுண்மரை இருக்கும், எண்ணெய் போட்டதுபோல் சுழலும்.

வலையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் விளக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. 1815இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்த சங்கதி இவ்வளவுதான்: நுண்ணிய உலோக வலை சுடரின் சூட்டை இழுத்துக்கொள்ளும், அதனால் சுரங்கத்தில் கசிந்து விளக்கின் உள்ளே எரியும் மீத்தேன் வாயு வெளியிலிருக்கும் மீத்தேனுக்குத் தீ வைக்க முடியாது. அதற்கு வலையின் துளை சிறிதாக இருக்க வேண்டும். வழக்கமான கணக்கு அங்குலத்துக்கு 28 கம்பி, அதாவது ஒரு சதுர அங்குலத்தில் 784 துளை. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டருக்குப் 11 துளை வரும். எனக்கு வந்ததில் சென்டிமீட்டருக்கு ஆறு. அதுவும் ஒற்றை வலை, பித்தளை, காந்தம் ஒட்டாது. டீ வடிகட்டியை உருட்டி உள்ளே வைத்த மாதிரி இருக்கிறது.

கண்ணாடி ஜன்னல் கண்ணாடி அளவுதான் தடிமன், வாய் விளிம்பு தேய்த்துச் சமன் செய்யப்படவில்லை. திரியைச் சரிசெய்ய அடியிலிருந்து மேலேறும் கம்பி ஒன்று இருக்க வேண்டும். இதில் அந்தத் துளைகூட இல்லை. தொப்பியைப் பிடித்திருப்பவை கூட்டல் குறி போட்ட திருகாணிகள். அபர்டேர் ஊர் இ. தாமஸ் அன்ட் வில்லியம்ஸ் என்று ஒரு சின்னத் தகடு, பசை போட்டு ஒட்டியது. அந்தப் பெயரைப் போட்ட புதுப்பிரதிகள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. அசல் நிறுவனத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. பச்சைக் களிம்பும் அமோனியா வைத்து வளர்த்தது. ஈரப் பஞ்சால் துடைத்தேன், பவுடராகக் கையோடு வந்துவிட்டது.

417? இருக்கிறது. லேசரில் பொறித்தது. மூன்று இலக்கமும் நேராக, ஒரே ஆழத்தில். சாய்ந்த 1 எங்கே போனது?

பெட்டிக்குள் ஓர் ‘அத்தாட்சி’ அட்டை வேறு. ‘மலாயன் கோலியரீஸ், பத்து ஆராங், 1964’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தச் சுரங்கம் மூடியது 1960இல். பொய் சொல்வதற்காவது கொஞ்சம் படித்திருக்கலாம்.

கார்பைடு விளக்கு இன்னும் ஆபத்து. இது நம் வீடுகளில் இருந்த சாமான். விடியுமுன் பிரட்டு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர்கள் நெற்றியில் கட்டிக்கொண்டது. மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கார்பைட் கல். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கினால் அசிட்டிலீன் வாயு வரும், மிச்சம் நிற்பது நீற்றுச் சுண்ணாம்பு. வேலை முடிந்ததும் அந்தச் சுண்ணாம்பைத் தட்டிக் கழுவாமல் விட்டால் ஈரத்தோடு கிடந்து அடித்தகட்டை அரித்துவிடும். பழைய விளக்குகளில் முதலில் போவது அதுதான். எனக்கு வந்ததில் அடி முழுக்கத் தங்க நிறப் பெயின்ட். நகத்தால் சுரண்டினால் கீழே எப்பாக்ஸிப் பசை, அதற்கும் கீழே குண்டூசித் தலையளவு ஓட்டைகள் வரிசையாக. தண்ணீர் ஊற்றிக் குமிழை முழுதாக மூடி வைத்தாலும் நிற்காமல் சொட்டுகிறது, வால்வு செத்துவிட்டது. பீங்கான் முனை இருக்க வேண்டிய இடத்தில் துளை போட்ட பித்தளை ஆணி. ரப்பர் வாஷர் இல்லவே இல்லை. இதில் கல்லைப் போட்டுப் பற்றவைத்தால் சுடர் முனையில் நிற்காது, இணைப்பு வழியாகக் கசிந்து முகத்துக்கு நேரே பிடிக்கும். 600 வெள்ளிக்கு இதைத்தான் விற்றிருக்கிறார்கள்.

வில்லையின் ஓரத்தில் லேசர் வெட்டின கருப்புக் கோடு அப்படியே இருக்கிறது. துளையைச் சுற்றிப் பிசிர். சட்டையில் மாட்டித் தேய்ந்த அடையாளம் ஒரு துளிகூட இல்லை. 300 வெள்ளி.

இனி பதில்கள். முதலில், “அண்ணே, பழைய சாமான்னா அப்படி இப்படித்தான் இருக்கும்.” அடுத்தது, “பேக்கிங் பண்ற பையன் மாத்திட்டான் போல, செக் பண்றேன்.” பிறகு, “முதலாளி ஹாட்யாய் போயிருக்காரு, வந்ததும் பேசுறோம்.” பிறகு, “ஒரு ஸ்டாரு மட்டும் போட்றாதீங்கண்ணே, 150 வெள்ளி பேங்க் இன் பண்ணிடறோம்.” 2,350 எடுத்துக்கொண்டு 150. மாட்டேன் என்றதும் பிளாக்.

சந்தைத் தளத்தாரின் பதில் அதைவிட மோசம். ‘பொருள் விவரணையுடன் பொருந்துகிறது’ என்று கேஸை மூடிவிட்டார்கள். விவரணையில் என்ன இருக்கிறது? லைவில் வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் பொது லிங்கில் ‘பித்தளை அலங்கார விளக்கு’ என்று மட்டும் இருக்கிறது. பத்து ஆராங், 417, காந்தப் பூட்டு எல்லாம் வாயால் சொன்னவை. லைவ் பதிவையும் கடைக்காரர் அழித்துவிட்டார். மேல்முறையீடு செய்தால், போலி என்று நிரூபிக்கத் தயாரிப்பு நிறுவனத்தின் கடிதம் கேட்கிறார்கள். வலையை ஸ்கேலோடு படம் எடுத்து அனுப்பினேன். ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று வந்தது.

இதற்கிடையில் அதே கடை வேறு பெயரில் மறுபடி லைவ் போடுகிறது. அதே விளக்கு, அதே காந்தம், அதே சாய்ந்த 1. தாத்தா மட்டும் சுங்கை லெம்பிங்குக்கு மாறிவிட்டார். அங்கே தோண்டியது ஈயம். சுடர்ப் பாதுகாப்பு விளக்கு முக்கியமாக நிலக்கரிக்கு, மீத்தேனுக்கு உண்டானது. கேட்கிறவர்களுக்குத் தெரியாது என்ற தைரியம்.

வாங்கும்முன் பார்க்க வேண்டியதை விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், பொறுமை இல்லை. அவசரத்துக்கு இது:

பொது லிங்கில் பணம் கட்டாதீர்கள். விளக்கின் எண், பூட்டு வகை, தயாரிப்பாளர் பெயர் மூன்றையும் போட்டுத் தனி லிங்க் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். லைவை உங்கள் போனிலேயே ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்யுங்கள். பெட்டியை வெட்டுவதிலிருந்து அடி எண்ணைக் காட்டுவது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ. ‘பெற்றுக்கொண்டேன்’ பட்டனை வலையை அளந்த பிறகுதான் அழுத்த வேண்டும்.

அசல் கிடைத்தாலும் கண்ணாடிக்கு மேலும் கீழும் இருக்கும் வாஷரைச் சுரண்டாதீர்கள். பழையதில் பெரும்பாலும் அஸ்பெஸ்டாஸ்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மனுவுக்கு 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். ஆனால் விற்றவரின் பெயரும் முகவரியும் வேண்டும், அதனால் பணம் கட்டும் முன்பே கம்பெனிப் பதிவு எண்ணை வாங்கி வையுங்கள். இந்தக் கடையின் முகவரியைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் ஈயக் கப்பலின் (ஈயம் தோண்டும் மிதவை இயந்திரம்) வெண்கலப் பெயர்ப்பலகை ஒன்றைக் காட்டப் போகிறார்களாம். பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மண்ணச்சில் வார்த்த பலகைக்குப் பின்னால் சொரசொரப்பு இருக்கும். கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தால் லைவை மூடிவிட்டுப் போய்ப் படுங்கள்.