முதல் மீன்: டாம்செலா, கோமாளியா, கிராமாவா?

புதிதாக அமைத்த கடல்நீர்த் தொட்டியில் பாறையும் மணலும் மட்டும் இருக்கும் நாட்களைப் பொறுத்துக்கொள்வது எளிதல்ல. தண்ணீர் தெளிந்துவிட்டது, பம்பு ஓடுகிறது, விளக்கு எரிகிறது, இனி ஒரு மீனை விட்டால் என்ன என்று கை பரபரக்கும். அந்தப் பரபரப்போடு கடைக்குப் போகிறவருக்குக் காலங்காலமாகக் கிடைத்துவரும் பதில் ஒன்று உண்டு: "டாம்செல் எடுத்துட்டுப் போங்க, எதையும் தாங்கும்." தாங்கும் என்பதில் பொய்யில்லை. எனக்குக் குறை இருப்பது அந்த அளவுகோலில்தான். முதலில் வந்து சேரும் மீன் தொட்டி முழுவதையும் தன்னுடையதாக எண்ணிக்கொள்கிறது. பின்னால் வரும் மீன்கள் எல்லாம் அந்தப் பழைய குடித்தனக்காரரின் குணத்தை அனுசரித்துத்தான் வாழ்ந்தாகவேண்டும். ஆகவே உடல் உரத்துக்கு இணையாகக் குணத்தையும் எடைபோட்டு, முதல் மீனாக வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் ஆறு வகைகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

தாங்கும் மீன் தேவைப்பட்டதற்கு முன்பு ஒரு காரணம் இருந்தது. மீனின் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் உண்டாகும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதுமான அளவு பெருக ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அவற்றுக்கு உணவாகும் அம்மோனியாவைத் தருவதற்கு அந்நாட்களில் மீனையே விட்டார்கள்; அதற்குத் தாக்குப்பிடிக்கும் மீன் வேண்டியிருந்தது. இன்று அம்மோனியம் குளோரைடு கரைசலை அளந்து ஊற்றி, தொட்டியில் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்கு அம்மோனியாவை ஏற்றி, அது 24 மணி நேரத்துக்குள் சுழியத்துக்கு இறங்குகிறதா என்று சோதித்துக்கொண்டால் போதும். எந்த உயிரையும் வதைக்க வேண்டியதில்லை. நைட்ரைட் அளவைக் கண்டு நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் பதறுவதுண்டு. கடல்நீரில் மிகுந்திருக்கும் குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உடலுக்குள் போவதைப் பெருமளவு தடுத்துவிடுவதால், இங்கே உண்மையான எதிரி அம்மோனியாதான். அந்தச் சோதனையில் தேறிய தொட்டியில் கீழே வரும் ஆறு மீன்களில் எதுவும் பிழைக்கும் என்பதால், தாங்குதிறன் என்ற தகுதி டாம்செலுக்கு முன்பு தந்த முன்னுரிமை இப்போது செல்லாது.

டாம்செலிலிருந்தே தொடங்குகிறேன். கடையில் அது இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், மின்னும் நீலமாகவோ கறுப்பு வெள்ளைப் பட்டையாகவோ, கண்ணைப் பறிக்கும் அழகோடு நிற்கும். கொடுத்ததைத் தின்னும், நோயை எளிதில் வாங்காது, ஒளிந்துகொள்ளாமல் எப்போதும் கண்முன்னே திரியும். ஆனால் உடல் வளர வளர அதன் எல்லைச் சண்டையும் வளர்கிறது. தொமினோ என்று விற்கப்படும் கறுப்பு டாம்செல் 14 சென்டிமீட்டர் வரை போகும் என்பதைக் கடைத் தொட்டியின் முன் நிற்கும்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

என் முதல் தொட்டியில் நான் விட்டது 'மூன்று-பட்டை' வகை டாம்செல் ஒன்று. கட்டைவிரல் நகத்தளவுதான் இருந்தது. முதல் மாதம் பாறையின் இடப்பக்கப் பொந்து மட்டும் அதன் வீடாக இருந்தது. இரண்டாவது மாதத்தில் வாலால் மணலை விசிறிக் குழி பறித்து, தொட்டியின் பாதியைத் தன் பட்டாவில் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் கொண்டுவந்த கார்டினல் மீனை மாலைக்குள் மேல்மூலைக்கு விரட்டி, மறுநாள் காலைக்குள் அதன் வால் துடுப்பை நார்நாராக்கிவிட்டது. கண்ணாடியில் காதை வைத்தால் விரட்டும் நேரத்தில் அது எழுப்பும் 'டக், டக்' ஒலி தெளிவாகக் கேட்டது. வலையைக் கண்டதும் பொந்துக்குள் போய்விடும். பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகிப் பொறி செய்து வைத்தேன்; இரண்டு நாளும் அடிபட்ட கார்டினல்தான் உள்ளே போய் உட்கார்ந்தது. கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாக வாளிக்கு மாற்றி, தண்ணீரை முக்கால்வாசி இறக்கித்தான் பிடிக்க முடிந்தது. குறைசொல்ல மீன்மேல் ஒன்றுமில்லை. அதை முதலில் விட்டது என் தவறு. மஞ்சள் வால் டாம்செல் போன்ற சற்றுச் சாதுவான வகைகள் இருக்கின்றன என்பதையும் சொல்லியாகவேண்டும். அவற்றைக்கூடக் கடைசி மீனாகச் சேர்ப்பதே நல்லது.

கோமாளி மீன் இதே டாம்செல் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் புதியவர்கள் நம்பமாட்டார்கள். உரத்தில் அண்ணன் தம்பிதான். குணத்தில் ஒசெல்லாரிஸ் வகைக் கோமாளி பெரிதும் அடங்கியது. அதன் பெரிய பலம், தொட்டியிலேயே பொரித்து வளர்த்த குஞ்சுகள் தாராளமாகக் கிடைப்பது. அப்படி வளர்ந்த மீன் முதல் நாளிலிருந்தே குருணை உணவை எடுக்கும். கடலில் பிடித்த கோமாளிகளைச் சில நாட்களிலேயே வாரிக்கொண்டு போகும் புரூக்ளினெல்லா ஒட்டுண்ணியின் தொல்லையும் இதில் குறைவு. ஜோடி சேர்ப்பதும் எளிது. எல்லாக் குஞ்சுகளும் பாலின முதிர்ச்சி அடையாத நிலையிலிருந்து முதலில் ஆணாகவே வளர்கின்றன, இரண்டில் ஆதிக்கம் செலுத்துவது பெண்ணாக மாறுகிறது. ஆகவே அளவில் சற்று வேறுபட்ட இரண்டு குஞ்சுகளை ஒரே நாளில் விட்டால் மீதியை அவையே பார்த்துக்கொள்ளும். பெரிய கோமாளி பாய்ந்து வர, சிறியது உடலைச் சாய்த்து நடுங்கிக் காட்டுவதைப் பார்த்து வலிப்பு வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அது பணிந்துபோவதன் அடையாளம். இரவில் ஹீட்டரின் ஓரமாகவோ மூலையிலோ சாய்ந்தபடி உறங்குவதும் இயல்புதான்.

கோமாளியோடு, அது கடலில் அண்டி வாழும் கடல் சாமந்தி என்ற பூப்போன்ற உயிரினத்தையும் சேர்த்து வாங்கிவருவதுதான் பலர் செய்யும் பிழை. கோமாளிக்கு அது இல்லாமலே வாழ முடியும். சாமந்திக்கோ புதிய தொட்டியின் நிலையற்ற நீர் ஒத்துவராது, சுருங்கி அழுகினால் மீனையும் சேர்த்துக் கெடுக்கும். மெரூன், தக்காளி என்ற பெயர்களில் வரும் கோமாளிகளும் பெயரில் மட்டுமே இதற்கு உறவு. குணத்தில் அவை டாம்செலையே மிஞ்சும். ஒசெல்லாரிஸும் முட்டையிடத் தொடங்கிவிட்டால் கண்ணாடி துடைக்க நீட்டிய கையைக் கடிக்காமல் விடாது, ஆனால் அதன் எல்லை பெரும்பாலும் ஒரு மூலையோடு நின்றுவிடுகிறது.

பச்சைக் குரோமிஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூட்டமாக நீந்தும் காட்சிக்கு ஆசைப்பட்டு ஆறு வாங்குவார்கள். பலமுள்ளது பலவீனமானதைக் கொத்தி ஒதுக்க, ஆறு நான்காகி, நான்கு இரண்டாகி, சில மாதங்களில் ஒன்று மிஞ்சும். யூரோனிமா என்ற ஒட்டுண்ணியால் பக்கவாட்டில் சிவந்த புண்ணோடு சாவதும் இந்த வகையில் அதிகம். முதல் மீனாக ஒரே நாளில் ஆறு மீன்களின் கழிவைச் சுமத்துவது புதிய தொட்டிக்கு நல்லதுமில்லை.

ராயல் கிராமா கரீபியக் கடலின் மீன். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள், வளர்ந்தாலும் 8 சென்டிமீட்டர் அளவுதான். இதற்கும் எல்லை உணர்வு உண்டு, ஆனால் அது காக்க நினைப்பது ஒரு பொந்தை மட்டும். நெருங்கி வரும் மீனிடம் வாயை அகலத் திறந்து காட்டி எச்சரிக்கும். பெரும்பாலும் அத்துடன் விட்டுவிடும். பாறையின் அடிப்பக்கத்தையே தரையாக எண்ணி வயிற்றை மேலாக்கி நீந்துவதைப் பார்த்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். இரட்டை வண்ண டாட்டிபேக் என்ற மீன் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும், ஆனால் கொத்தித் துரத்துவதில் பெயர்பெற்றது. கிராமாவின் ஊதா படிப்படியாக மஞ்சளில் கரையும், முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் கரும்புள்ளி ஒன்று இருக்கும். டாட்டிபேக்கிலோ இரு வண்ணமும் கோடு கிழித்தாற்போலப் பிரியும், அந்தப் புள்ளி இருக்காது. இதைப் பார்க்காமல் வாங்கினால், டாம்செலைத் தவிர்த்துவிட்டேன் என்ற நிம்மதியோடு இன்னொரு சண்டைக்காரனை வீட்டுக்கு அழைத்துவந்ததாக முடியும்.

பாங்காய் கார்டினல் இவை எல்லாவற்றிலும் நிதானமானது. நீரில் தொங்கவிட்டதுபோல அசையாமல் நிற்கும். முட்டைகளை ஆண் மீன் வாயில் அடைகாக்கும், அந்த நாட்களில் ஒன்றும் தின்னாது. இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைச் சுற்றிய சிறிய பரப்பில் மட்டும் இயற்கையாக வாழும் இந்த மீன், தொட்டி வணிகத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டதால், 2007-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அருகிவரும் இனங்கள் பட்டியலில் இடம்பெற்றது. வளர்ப்பில் பொரித்த குஞ்சு கிடைத்தால் மட்டும் வாங்குவது மீனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. கடலில் பிடித்தவை பல நேரம் குருணையைத் தொடுவதே இல்லை. இரண்டு ஆண்கள் ஒரே தொட்டியில் ஒத்துப்போகமாட்டா என்பதால் ஒன்றே ஒன்று, அல்லது உறுதியாகத் தெரிந்த ஜோடி.

ஃபயர்ஃபிஷ் முதுகில் கொடிபோல நிற்கும் நீண்ட துடுப்பை வெட்டி வெட்டி அசைத்துக்கொண்டு நீரோட்டத்தில் நிற்கும். நிழல் பட்டாலும் பொந்துக்குள் பாயும். இவ்வளவு கூச்சமுள்ள மீனை முதலில் விடுவதா என்று தோன்றலாம். கூச்சம்தான் அதை முதலில் விடுவதற்குக் காரணம்: வேறு யாரும் இல்லாத தொட்டியில் பொந்தைத் தேர்ந்து, உணவு வரும் நேரத்தைப் பழகிக்கொண்டால், பின்னால் வருபவற்றின் நடுவிலும் தலைகாட்டும். ஆனால் இது குதிக்கும் மீன். விளிம்பில் விரலளவு இடைவெளி இருந்தாலும் காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். வலைமூடி போடாதவர் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

என் தேர்வு இப்படி அமைகிறது. சிறிய தொட்டியில் இரண்டு, மூன்று மீன்களோடு நிறுத்திக்கொள்ள நினைப்பவர் வளர்ப்பில் பொரித்த ஒசெல்லாரிஸ் ஜோடியோடு தொடங்கட்டும். தொடக்கநிலைப் பிழைகளை அதுபோலப் பொறுத்துக்கொள்ளும் சாதுவான மீன் வேறில்லை. பலவகை மீன்களை நிதானமாகச் சேர்க்கத் திட்டமிடுபவர் மூடியுள்ள தொட்டியில் ஃபயர்ஃபிஷையும், மூடியில்லாத தொட்டியில் கிராமாவையும் முதலில் விட்டு, கோமாளியை இரண்டாவதாகக் கொண்டுவருவது பின்னால் வரும் சண்டைகளைக் குறைக்கும். பாங்காய்க்கு மூன்றாம் இடம் தருவது அது தரம் குறைந்தது என்பதால் அல்ல. வளர்ப்புக் குஞ்சு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

எந்த மீனாக இருந்தாலும், அதைத் தொட்டிக்குள் விடும் முறையிலும் இரு கட்சிகள் உண்டு. சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பழக்குவது ஒன்று. பையை மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமப்படுத்திச் சட்டென்று விடுவது மற்றொன்று. பயண நேரம்தான் இதற்குத் தீர்ப்புச் சொல்லும். ஒரு நாள் முழுதும் மூடிய பையில் பயணித்த மீன் வெளியிட்ட கரியமில வாயுவால் அந்நீரின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) இறங்கியிருக்கும், அந்த நிலையில் அம்மோனியாவில் நச்சுள்ள பங்கு 100-ல் ஒன்றுக்கும் கீழேதான். பையைத் திறந்து 8.2 பி.எச். கொண்ட நீரைச் சொட்டவிட்டால், வாயு வெளியேறி, அதே அம்மோனியாவின் நச்சுப் பங்கு பல மடங்கு உயர்ந்து, நாம் பொறுமையாகப் பழக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் செவுளை எரிக்கும். ஆகவே நெடும்பயண மீனுக்கு வேகமே நல்லது. அரை மணி நேரத்தில் வீடு வந்த மீனுக்குச் சொட்டு முறை பொருந்தும். பல கடைகளில் ஒட்டுண்ணியை அடக்க, நீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தியை 1.019 போலக் குறைத்து வைத்திருப்பார்கள். அங்கிருந்து நேராக 1.025-க்கு ஏற்றுவது மீனுக்குக் கடினம் என்பதால், புது மீனை முதலில் தனியே வைத்துக் கவனிக்கும் தனித்தொட்டியின் நீரைக் கடை அளவுக்குக் கரைத்து வைத்து, சில நாட்களில் மெல்ல உயர்த்துவது நல்லது.

தனித்தொட்டி எதற்கு, முதல் மீன்தானே, இருக்கும் தொட்டியே காலியாகத்தானே கிடக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கடல்நீர் வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி ஒருமுறை பாறைக்குள் புகுந்தால், பாறையும் மணலும் அதற்கான செம்பு மருந்தை உறிஞ்சிக்கொள்வதாலும், நத்தை, இறால், பவளம் யாவும் செம்பினால் சாவதாலும், அங்கே வைத்து மருத்துவம் பார்க்க முடியாது. தங்க மீனின்றி ஒட்டுண்ணி அழியும்படி தொட்டியை மீனில்லாமல் 76 நாள் போட்டுவைப்பதே பரவலாகப் பின்பற்றப்படும் வழி. அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் ஒரு வாளியளவுத் தொட்டியில் 4 வாரம் கவனித்துப் பார்ப்பது சிறிய வேலை.

மீனை விடும் நாளில் விளக்கை அணைத்துவையுங்கள், பைத்தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், அன்று உணவு வேண்டாம். கிராமாவும் ஃபயர்ஃபிஷும் இரண்டு மூன்று நாள் கண்ணில் படாமல் இருக்கக்கூடும். தேடிப் பாறையைப் புரட்டினால் அந்த ஒளிவு ஒரு வாரமாக நீளும். முதல் வாரம் அம்மோனியாவைத் தினமும் சோதித்து, அடுத்த மீனை இரண்டு மூன்று வாரம் கழித்துக் கொண்டுவாருங்கள்; கூடுதல் கழிவுக்கேற்ப நுண்ணுயிர்கள் பெருக அவ்வளவு அவகாசம் வேண்டும்.