மஞ்சள் நிற பேனா பிஎச் மீட்டர்: எதற்கு உதவும், எங்கே ஏமாற்றும்

பிஎச் என்பது ஒரு பொருள் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று சொல்லும் எண்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இந்த மீட்டர், போர்வெல் தண்ணீருக்கும் தோட்டத்து மண்ணுக்கும் தாராளமாகப் போதும். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் முக்கிப் பார்த்து, வரும் எண்ணை நம்பிவிடாதீர்கள். திரையில் 7.43 என்று இரண்டு தசமம் தெரியும். இந்த விலையில் பிழையே ±0.1 வரை இருக்கும், அதனால் இரண்டாவது தசமத்தைக் கண்டுகொள்ள வேண்டாம்.

கூடவே 4.00, 6.86, 9.18 என்று மூன்று பஃபர் பொடிகள் வரும், அதாவது கரைத்தால் அந்தந்த பிஎச்-ஐத் தரும் பொடிகள். மீட்டரின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றையும் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு (பொதுவாக 250 மி.லி.) டிஸ்டில்டு வாட்டரில் கரையுங்கள், குழாய்த் தண்ணீர் ஆகாது. முதலில் 6.86-இல் வைத்து, எண் நிலைத்த பிறகு கேலிபரேஷன் பட்டனை (மீட்டரைச் சரியான எண்ணுக்குத் திருத்தும் பட்டன்) அழுத்துங்கள். அலசி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். மீட்டரின் நுனியில் உள்ள கண்ணாடிக் குமிழைத் தேய்த்தால் எண் அலைபாயும். அடுத்து இரண்டாவது பஃபரில் இதையே செய்யுங்கள்: மண்ணும் தண்ணீரும் காரமாக இருக்கும் ஊர் என்றால் 9.18, புளித்த பொருளை அளப்பதென்றால் 4.00. 9.18 கரைசலின் மதிப்பு 30 டிகிரி வெயிலில் 9.14 ஆகிவிடும், அது மீட்டரின் குறையல்ல. பயன்படுத்திய கரைசலை மறுபடி பாட்டிலில் ஊற்றாதீர்கள்.

இந்த மீட்டர்கள் சீக்கிரம் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம், குமிழ் காய்ந்துபோவதுதான். மூடிக்குள் 3 மோலார் (கரைசலின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) பொட்டாசியம் குளோரைடு கரைசல் சில சொட்டு எப்போதும் இருக்க வேண்டும். லேப் தரப் பொட்டாசியம் குளோரைடு 22.4 கிராமைக் கரைத்து, மொத்தம் 100 மி.லி. ஆக்கினால் அந்தக் கரைசல் தயார். பெட்டியில் இதைத் தராதது பெரிய குறை. கிடைக்கும்வரை 4.00 பஃபரில் வைக்கலாம். டிஸ்டில்டு வாட்டரில் ஊற வைத்தால் உள்ளிருக்கும் உப்பு கரைந்து வெளியேறி, எலக்ட்ரோடு (குமிழோடு சேர்ந்த அளக்கும் பகுதி) மந்தமாகும்.

ஆர்ஓ தண்ணீருக்கு இது சரிப்படாது. உப்பு மிகக் குறைவாக இருப்பதால் எண் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். போர்வெல் தண்ணீரைப் பிடித்த உடனே அளந்துவிடுங்கள். வைத்திருந்தால் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 சொல்லும் வரம்பு 6.5 முதல் 8.5.

மண்ணில் நேராகக் குத்தாதீர்கள், குமிழ் உடையும். உலர்த்திச் சலித்த மண் 10 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 25 மி.லி., அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கிவிட்டு அளக்க வேண்டும். கரிசல் மண்ணில் 8-க்கு மேல் வருவது சகஜம். அங்கே இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும், காரத்தால் அது வேருக்கு எட்டவில்லை என்று சந்தேகிக்கலாம். அதற்கு மேலும் சுண்ணாம்பு போடுவது கூடவே கூடாது.

பேட்டரியே இல்லாமல் மண்ணில் குத்தும் இரட்டைக் கம்பி மீட்டரும் இதே பெயரில் விற்கிறார்கள். அது இரண்டு உலோகங்களுக்கு இடையே ஓடும் மின்னோட்டத்தைக் காட்டுகிறது, ஈரம் கூடினாலே முள் நகரும். அதை வாங்க வேண்டாம்.

இட்லி மாவு, தயிர் அளப்பதென்றால் ஒரு கரண்டி தனியே எடுத்து அளந்து, அதைக் கொட்டிவிடுங்கள். நன்றாகப் புளித்த மாவு 4.5 வாக்கில் காட்டும். பிறகு குமிழில் படிந்த கொழுப்பு போக, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் சில நிமிடம் வைத்து அலசி, மூடிக் கரைசலிலேயே திருப்பி வையுங்கள்.