ஏரியா ஸ்விம்மிங் பூலுக்கு எதைப் போட்டுட்டுப் போறது: ஷார்ட்ஸா, ஜாமரா, முட்டி சூட்டா, ஃபுல் சூட்டா?

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கோடை லீவு விட்டா புள்ளைகள நீச்சல் கிளாஸ்ல சேத்துவிடுறது இப்ப சகஜமாயிருச்சு, புள்ளைகளோட சேந்து அப்பா அம்மாக்களும் இறங்க ஆரம்பிச்சுட்டாங்க, அங்க தான் பஞ்சாயத்தே. எதைப் போட்டுக்கிட்டு இறங்குறது? அப்பத்தாவுக்கு ஒரு கணக்கு, கோச்சுக்கு ஒரு கணக்கு, பூல்ல மோட்டார் பாக்குற அண்ணனுக்கு வேற கணக்கு. நான் மோட்டார் அண்ணன் கட்சி, அதாவது மொதல்ல தண்ணி சுத்தம்.

நம்ம ஊர்ல தண்ணிக்கு ரெண்டு விதமான சட்டம். கம்மாய்ல கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு குதிக்கலாம், கோவணத்தோட குதிக்கலாம், பொம்பளைங்க பாவாடைய நெஞ்சுக்கு மேல ஏத்திக் கட்டிக்கிட்டு குளிப்பாங்க, பக்கத்துலயே மாடும் குளிக்கும், யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. ஆனா குடிதண்ணி ஊருணின்னா காலை நனைக்கவே விட மாட்டாங்க. ஸ்விம்மிங் பூல பாத்ததும் நமக்கு கம்மாய் நெனப்பு வருது, ஆனா உள்ள நடக்குறது ஊருணிக் கதை மாதிரி தான். இருக்குறது கொஞ்சூண்டு தண்ணி, அதே தண்ணி தான் ஃபில்டர் வழியா சுத்திச் சுத்தி வருது, நேத்து வந்தவன் வேர்வை, இன்னைக்கு வந்தவன் தலையெண்ணெய், எல்லாத்தோடயும் லிட்டருக்கு 1 லேருந்து 3 மில்லிகிராம் குளோரின் தான் மல்லுக்கட்டணும். வேர்வையும் மூத்திரமும் குளோரினோட சேந்தா குளோரமைன்னு ஒண்ணு உண்டாகும், பூல்கிட்ட போனதும் மூக்குல ஏறுற நெடியும் கண்ணெரிச்சலும் பெரும்பாலும் அதோட வேலை. "குளோரின அள்ளிக் கொட்டிட்டாய்ங்க"ன்னு திட்டுறோமே, பாதி நேரம் அது அழுக்குக்கு குளோரின் பத்தாம போனதோட அடையாளம். அதனால ஒரு டிரெஸ் எவ்வளவு மறைக்குதுங்கிறத நான் ரெண்டாவதா தான் கேப்பேன். மொதக் கேள்வி, என்ன துணி, தெருவுல போட்டுத் திரிஞ்சதோட அப்படியே இறங்குறியா.

துணியில பருத்தி மொதல்லயே அவுட். கண்டாங்கி கட்டுற ஊர்ல நின்னுக்கிட்டு காட்டனை குறை சொல்றது கொஞ்சம் ஒருமாதிரி தான் இருக்கு, 2019 ல புவிசார் குறியீடு வேற வாங்குன சேலை அது. ஆனா வெயில்ல காட்டன் நல்லா இருக்குறதுக்கு என்ன காரணமோ அதே காரணம் தான் பூல்ல அதை கெடுக்குது: தண்ணிய இழுக்கும். சாதாரணமா காத்துல இருக்குற ஈரத்துலேருந்தே பருத்தி தன் எடையில சுமார் 8 சதவீதம் இழுத்து வச்சுக்கும், நைலான் 4, பாலியஸ்டர் அரை சதவீதம் கூட இழுக்காது. பூல்ல முங்குனா காட்டன் டீ-ஷர்ட் கனமாகி தோள்பட்டைய கீழ இழுக்கும், புதுசா கத்துக்குறவங்க மல்லாக்க மிதக்கப் பாக்கும்போது சட்டை மேல ஏறி மூஞ்சிய மூடும், நூல் பிசிறு வேற உதிர்ந்து ஃபில்டர்ல போயி அடையும். "நைலான் காஸ்ட்யூம் கட்டாயம்"னு பல பூல்ல போர்டு மாட்டுறது இதுக்கு தான், நம்ம பண்பாட்டைக் கெடுக்க இல்ல.

நைலானா பாலியஸ்டரான்னு கேட்டா, வாரத்துக்கு ஒரு நாள் புள்ளைக்கு துணையா இறங்குறவருக்கு நைலானும் எலாஸ்டேனும் கலந்தது போதும், போடவும் மெத்துன்னு இருக்கும். ஆனா அந்த இழுவை குடுக்குற எலாஸ்டேனை குளோரின் மெல்ல மெல்ல தின்னுரும், ஒரு சீசன் தினமும் போனா உக்கார்ற எடம் தொளதொளன்னு ஆயி வெளிச்சத்துல பாத்தா வலை தெரியும். தினமும் போறவங்க லேபிள்ல பாலியஸ்டர், பிபிடி (பாலியஸ்டர்லயே இழுவை குடுக்குற ஒரு வகை) ரெண்டும் எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க, கொஞ்சம் விறைப்பா இருக்கும், நாள் வரும்.

இனி ஆம்பளைங்க கதை. நம்ம பக்கம் ஜெயிக்கிறது எப்பவும் தொளதொள ஷார்ட்ஸ் தான், அதுவும் உள்ள காட்டன் ஜட்டிய போட்டு மேல ஷார்ட்ஸ போடுறது. போடுறவருக்கு ரொம்ப மரியாதையா இருக்குறதா ஒரு நெனப்பு, ஆனா குதிச்ச உடனே பாக்கெட்ல காத்து ஏறி பலூனா உப்பும், நாடா அவுந்தா ஏறி வரும்போது ஒரு கையால இடுப்பப் புடிச்சுக்கிட்டு தான் வரணும், நனைஞ்ச ஜட்டி தொடையை உரசி எரிச்சல் தனி. அதே ஷார்ட்ஸ் சாயங்காலம் டீக்கடை பெஞ்ச், பைக் சீட், வாலிபால் கிரவுண்டுன்னு எல்லா எடத்தையும் பாத்துட்டு நேரா தண்ணிக்கு வருது, மோட்டார் அண்ணனுக்கு கோவம் அதுல தான். உள்ளுக்குள்ள வலை லைனிங் வச்ச, பூலுக்குன்னே தனியா வச்சிருக்குற பாலியஸ்டர் ஷார்ட்ஸ்னா நான் சண்டைக்கு வர மாட்டேன், விளையாட, நிக்க, புள்ளைய தூக்கிப் போட்டு புடிக்க அது போதும். நாலு லெங்த், அதாவது பூல் நீளத்துக்கு நாலு தடவை, ஒழுங்கா நீந்தணும்னா அது பிரேக்க புடிச்சுக்கிட்டே வண்டி ஓட்டுற வேலை.

வி ஷேப் பிரீஃப், அதான் எல்லாரும் ஸ்பீடோன்னு சொல்லிக்கிறது, நீந்துறதுக்கு அருமை, சீக்கிரம் காயும், ஆனா நம்ம ஏரியா பூல்ல அதை போட்டுட்டு நடந்தா பாக்குற கண்ணெல்லாம் அங்க தான் இருக்கும், பக்கத்து வீட்டு ஆச்சி அடுத்த நாள் கோலம் போடும்போது குனிஞ்ச தலை நிமிர மாட்டாங்க. வேடிக்கை என்னன்னா பிரான்ஸ்ல பல பொது பூல்கள்ல இது தலைகீழ், அங்க தொள ஷார்ட்ஸோட போனா சுத்தம் கெடும்னு திருப்பி அனுப்புவாங்க, பிரீஃப் மாதிரி ஒட்டுன சூட் போட்டா தான் உள்ள விடுவாங்க. அவங்க கணக்குல தெருவுல போடக்கூடிய எதுவும் தண்ணிக்கு ஆகாது. கொஞ்சம் கறார் தான், ஆனா காரணத்துல தப்பு சொல்ல முடியல.

ஜாமர் இந்த ரெண்டுக்கும் நடுவுல வர்றது. இடுப்புலேருந்து முட்டி வரைக்கும் ஒட்டிப் புடிக்கிற சூட், காத்து ஏறாது, கழண்டு வராது, வேற எங்கயும் போட்டுட்டுத் திரிய மனசு வராததால தண்ணிக்குன்னே சுத்தமா இருக்கும், டெக்கத்லான் மாதிரி கடையில சாதாரண ஜாமர் ஆயிரம் ரூபாய்க்குள்ளயே கெடைக்குது. இதை வெக்கப்படுறவன் டிரெஸ்னு சில பேரு கிண்டல் பண்றாய்ங்க. அவய்ங்களுக்கு ஒரு சேதி: 2008, 2009 ல பாலியூரிதேன் வச்ச உடம்பு முழுக்க மூடுற ரேஸ் சூட்டுகள் வந்து, 2009 ரோம் உலகப் போட்டியில மட்டும் 43 உலக சாதனை உடைஞ்சுது, நீந்துனது ஆளா சூட்டான்னே தெரியாமப் போச்சு, அதனால 2010 ஜனவரி 1 லேருந்து அதுக்கெல்லாம் தடை. இப்ப பூல் ரேஸ்ல துணி சூட் மட்டும் தான், ஆம்பளைங்களுக்கு இடுப்புலேருந்து முட்டி வரைக்கும், பொம்பளைங்களுக்கு தோள்லேருந்து முட்டி வரைக்கும் போடலாம். அதாவது ஒலிம்பிக்ல தங்கம் வாங்குறவன் போடுறதும் ஜாமர் தான். ஆம்பளைங்களுக்கு என் ஓட்டு கண்ண மூடிக்கிட்டு ஜாமருக்கு, தொப்பை தெரியுதுன்னு கூச்சமா இருந்தா மேல ஒரு ரேஷ் கார்ட், அதான் தண்ணிக்குன்னு செஞ்ச ஒட்டுன பனியன், போட்டுக்கிட்டா முடிஞ்சுது.

அதே முட்டிக் கணக்கு தான் பொம்பளைங்க விஷயத்துல எனக்கு ரொம்ப உதவுது. வீட்டுல ஒத்துக்க மாட்டாங்கன்னு சொல்ற தங்கச்சிகளுக்கு நான் சொல்றது, "முட்டி வரைக்கும் போடுறது ஒலிம்பிக் டிரெஸ்ஸுத்தா, போய் சொல்லு"ன்னு. அரைக்கை, முட்டி வரைக்கும் கால், முன்னாடி ஜிப், கழுத்து ஏறுன சூட்டு இப்ப ஆன்லைன்ல தாராளமா கெடைக்குது, அதுல ஒரு வசதி யாரும் சொல்றதில்ல, தாலிச் சங்கிலிய உள்ள போட்டு ஜிப்ப ஏத்திட்டா வெளிய வராது. கழட்ட மாட்டேன்னு சொல்றவங்க கிட்ட போயி கழட்டுன்னு வம்பு பண்றத விட இது எவ்வளவோ மேல், வெளிய தொங்குற சங்கிலி லேன் கயித்துல மாட்டுனா கழுத்துக்கு தான் ஆபத்து. மஞ்சக்கயிறா இருந்தா மட்டும் ஷவர்ல நல்லா அலசிட்டு இறங்குங்க. கொலுச கழட்டி வச்சுருங்க, குளோரின் பட்டா வெள்ளி கறுத்துப் போகும்.

இதுக்கு எதிரா நிக்கிறது ஃப்ராக் மாடல், பாவாடை வச்ச சூட். கடையில தொங்கும்போது லட்சணமா இருக்கும், அத்தைமாருக்கெல்லாம் புடிக்கும், தண்ணில இறங்குனா அந்த பாவாடை குடையா விரிஞ்சு இடுப்புக்கு மேல மிதக்கும், அப்புறம் எதுக்கு அது? உள்ள ஷார்ட்ஸ் சேத்து தைச்சிருந்தா பரவால்ல, ஆழமில்லாத பக்கம் நின்னு குளிக்கிறவங்களுக்கு சரி. கத்துக்க வர்றவங்களுக்கு வேண்டாம்.

ஃபுல் சூட்டுல ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஒண்ணு மணிக்கட்டுலேருந்து கணுக்கால் வரைக்கும் உடம்போட ஒட்டுறது, நீந்த எந்த இடைஞ்சலும் இல்ல, நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு விதத்துல இது தான் புத்திசாலித்தனம், யூபிஎஃப் (துணி வெயிலத் தடுக்குற அளவு) 50 ன்னு போட்டிருந்தா புற ஊதாக் கதிர்ல 2 சதவீதம் தான் தோலுக்குப் போகும், ஏப்ரல் மே மாசம் திறந்தவெளி பூல்ல புள்ளைங்க கறுத்துப் போறாங்கன்னு பொலம்புறவங்க கிரீமுக்கு செலவு பண்றதுக்கு இத வாங்கலாம். இன்னொண்ணு புர்கினி, ஆஸ்திரேலியாவுல அஹேடா ஜனேட்டின்னு ஒரு அம்மா 2004 ல வடிவமைச்சது, தலைமூடி, தொளதொள மேல்சட்டை, பேண்ட். அதுல மேல்சட்டைய பேண்ட்டோட மாட்டிக்க கொக்கி இருக்கா, துணி தண்ணிக்கானதான்னு மட்டும் பாருங்க, இருந்தா தாராளமா போடலாம், சட்டை மேல மிதக்காது. பிரான்ஸ்காரங்க இதையும் பல பூல்ல தள்ளி வைக்கிறாங்க, கிரெனோபிள் நகரம் குடுத்த அனுமதிய 2022 ல அவங்க உயர் நிர்வாக நீதிமன்றம் நிப்பாட்டி வச்சிருச்சு. இந்த எடத்துல அவங்களோட நான் இல்ல. சுத்தமான தண்ணித் துணின்னா அது எத்தனை சாண் இருந்தா பூலுக்கு என்ன வந்துச்சு? ஒரு பொண்ணு ஃபுல் சூட் போட்டா தான் தண்ணில இறங்குவேங்குறா, இன்னொருத்தி ஒன்-பீஸ் போட்டா தான் கை வீச வருதுங்குறா, ரெண்டு பேரும் முங்கி எந்திரிச்சா தண்ணிக்கு வித்தியாசம் தெரியாது.

சுடிதார், லெக்கின்ஸ், துப்பட்டா கதைக்கு வருவோம், ஏன்னா நெசத்துல இங்க பாதிப் பேரு இறங்குறது இதுல தான். துப்பட்டா கூடவே கூடாது, கால்ல சுத்தும், அடியில தண்ணிய உறிஞ்சுற ஓட்டையோட வலைமூடிப் பக்கம் எந்தத் தொங்குற துணியும் போகக்கூடாது, உயிர் போற விஷயம் அது. சுடிதார் டாப்ஸ் காட்டன் பஞ்சாயத்து தான், மேல சொன்னாச்சு. சூட் வாங்க இந்த மாசம் காசு ஒதுக்க முடியலன்னா ஜிம்முக்குப் போடுற பாலியஸ்டர் லெக்கின்ஸும் ஒட்டுன பாலியஸ்டர் டீ-ஷர்ட்டும் தற்காலிகமா ஓட்டலாம், கோச் கிட்ட மொதல்லயே சொல்லிட்டு.

பிகினி பத்தி ஒரு வரி. கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டு வீடுகள ஹோட்டலாக்கி பூல் வச்சிருக்காங்கள்ல, அங்க வர்ற வெளிநாட்டுக்காரங்க போடுறாங்க, அவங்க சவுகரியம். நம்ம ஏரியா பூல்ல நாடாக் கட்டுன பிகினிக்கு நான் வேண்டாம்னு சொல்றது கலாச்சாரத்துக்காக இல்ல, சுவத்த மிதிச்சு திரும்பும்போது முடிச்சு அவுந்துரும். லேடீஸ் பேட்ச்ல ஸ்போர்ட்ஸ் மாடல் டூ-பீஸ் போட்டா யாருக்கு என்ன.

சின்னப் புள்ளைகளுக்கு அழகப் பாக்காம கலரைப் பாருங்க. நம்ம பூல் எல்லாம் அடியில நீல டைல்ஸ், அதுல இளநீலமும் வெள்ளையும் போட்ட புள்ளை ரெண்டடி முங்குனா ஆளே தெரியாது, பளீர்னு ஆரஞ்சு, ரோஸ், கிளிப்பச்சை போட்டா தூரத்துலேருந்தே தெரியும். இளவரசி படம் போட்ட இளநீல சூட்டுக்கு புள்ளை அழுதா அழட்டும். கையில மாட்டுற காத்துப் பட்டைய நம்பி கண்ண எடுக்காதீங்க, அது விளையாட்டுச் சாமான். டயப்பர் போடுற வயசுன்னா ஸ்விம் டயப்பர் தான், சாதா டயப்பர் தண்ணிய குடிச்சு பூசணிக்காய் சைஸுக்கு ஊதிரும்.

தொப்பிய டிரெஸ்ஸுல சேக்குறதே இல்ல நாம, ஆனா நம்ம ஊருக்கு அது தான் மொத ஐட்டம். சனிக்கிழமை ஆம்பளைங்க எண்ணெய் தேய்ச்சுட்டு, வெள்ளிக்கிழமை பொம்பளைங்க எண்ணெய் வச்சுட்டு மல்லியப்பூவோட, அப்படியே வந்து இறங்குனா பூல் ஓரத்துல பிசுக்கு கோடு கட்டிரும். லைக்ரா துணித் தொப்பி மாட்ட சுகம் ஆனா தண்ணியும் எண்ணெயும் தாராளமா போய் வரும், லேட்டக்ஸ் மலிவு, முடிய புடிச்சு இழுக்கும். நீள முடிக்கு சிலிக்கோன் தான், பெரிய சைஸ் கேட்டு வாங்குங்க, கொண்டைய உச்சில போடாம பின்னங்கழுத்துக்கிட்ட போட்டு மாட்டுனா கழண்டு வராது. இறங்குறதுக்கு முன்னாடி ஷாம்பூ போட்டு தலைய அலசுறது எந்த டிரெஸ் போட்டாலும் கட்டாயம்.

வாங்குனத காப்பாத்தவும் செய்யணும். ஏறுன உடனே ஈரச் சூட்டோட ஸ்கூட்டில ஏறி வீட்டுக்குப் போறத விடுங்க, தொடை இடுக்குல படை வர்றது அதுல தான், பூல்லயே நல்ல தண்ணில அலசி மாத்திக்கிட்டு கிளம்புங்க. வாஷிங் மெஷின் வேண்டாம், முறுக்கிப் புழிய வேண்டாம், மொட்டை மாடி வெயில்ல கிளிப் போட்டு தொங்க விட வேண்டாம், வளவுல நிழலா ஒரு கொடி இருந்தா அதுல போடுங்க, நம்ம ஊரு அனலுக்கு சாயங்காலத்துக்குள்ள காஞ்சிரும். அப்பப்ப பின்பக்கத்த வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாருங்க, அந்தப் பக்கம் இருக்குறது தெரிஞ்சா அடுத்த நாளைக்கு வேற சூட்.