மருத்துவ அலட்சியம்: மருத்துவ கவுன்சிலில் புகாரா, நீதிமன்றத்தில் வழக்கா?

சிகிச்சை பலிக்கவில்லை என்பதாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது. அதே நிலையில் தகுதியான இன்னொரு மருத்துவர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்யத் தவறினாரா என்பதுதான் கேள்வி. அறுவை சிகிச்சைக்குப் பின் தொற்று வருவது தெரிந்த ஆபத்து. காய்ச்சலும் சீழும் இருந்தும் யாரும் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை என்றால் அது அலட்சியம்.

என்ன கிடைக்கும்?
கவுன்சில் (மருத்துவர்களைப் பதிவு செய்து, அவர்கள் நடத்தையைக் கண்காணிக்கும் அமைப்பு): மருத்துவரை எச்சரிக்கலாம், உரிமத்தை நிறுத்தி வைக்கலாம்.
வழக்கு: இழப்பீடு.

செலவு
கவுன்சில்: பெரும்பாலும் வக்கீல் இல்லாமலே எழுதித் தரலாம்.
வழக்கு: வக்கீலுக்கும் நிபுணர் கருத்துக்கும் பணம் வேண்டும்.

நிரூபணம்
கவுன்சில்: பாதிப்பு பெரிதாக இல்லாவிட்டாலும் மருத்துவரின் நடத்தையை விசாரிக்கலாம்.
வழக்கு: பலர் தடுமாறுவது இங்கேதான். அந்தத் தவறால்தான் பாதிப்பு வந்தது என்று காட்ட வேண்டும். தவறான மருந்து கொடுத்தும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லையா? இழப்பீடு கிடைப்பது கஷ்டம். காலவரம்பும் உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

மேல்சிகிச்சைக்கும் இழந்த வருமானத்துக்கும் பணம் தேவை என்றால் வழக்கு. அடுத்த நோயாளிக்கு இது நடக்கக் கூடாது என்பதுதான் மனதில் இருக்கிறது என்றால் புகார். பொதுவாக இரண்டையும் சேர்த்தே செய்யலாம். எதுவானாலும் சரி, முதலில் சிகிச்சைப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.