எல்லாம் தெரிந்த பிறகு என்ன மிச்சம்? சில அட்வென்ச்சர் கேம்கள், பல ரன்கள்

இடது 9, வலது 15, இடது 7.

ரெசிடென்ட் ஈவில் 2 என்ற ஜாம்பி கேமின் ரீமேக்கை ஒரு தடவையாவது முடித்தவர்களுக்கு இந்த எண்கள் லேசில் மறக்காது. போலீஸ் ஸ்டேஷன் தரைத்தளத்தில், மேற்கு அலுவலகத்தில் இருக்கும் பெட்டகத்தின் எண் இது. திறந்தால் உள்ளே ஒரு இடுப்புப் பை. சாமான் வைக்க இரண்டு இடம் கூடும். முதல் தடவை இந்த எண்ணுக்கான குறிப்பைத் தேடி அலைய வேண்டும். அடுத்த தடவை குறிப்பே வேண்டாம். நேராகப் போய்த் திருப்பினால் பெட்டகம் திறந்துகொள்ளும்.

ரீப்ளே வேல்யூ, அதாவது ஒரு கேமைத் திரும்ப விளையாட எவ்வளவு இருக்கிறது என்று பேச்சு எடுத்தாலே மேப் எவ்வளவு பெரிது, எத்தனை மணி நேரம் ஓடும் என்றுதான் கேட்கிறார்கள். எங்கும் சுற்றவிடும் ஓப்பன் வேர்ல்டு என்றால் காலத்துக்கும் விளையாடலாம், ஒரே வழியில் போகும் லீனியர் என்றால் ஒரு தடவையோடு சரி என்பது பரவலான கணக்கு. பல வருடம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால் இந்தக் கணக்கு நிற்காது. முதல் ரன்னில், அதாவது முதல் தடவை தொடங்கி முடித்ததில், தெரிந்துகொண்டது இரண்டாவது ரன்னில் என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சில கேம்களில் அது முதலீடு, சிலவற்றில் பாரம். ஒரு கேமில் அதுவே ஆட்டத்துக்கு முற்றுப்புள்ளி.

ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக் வந்தது 2019 ஜனவரியில். கதையாகப் பார்த்தால் நேர்கோடுதான்: போலீஸ் ஸ்டேஷன், பாதாளச் சாக்கடை, ஆய்வுக்கூடம். ஆனால் ஸ்டேஷன் கட்டடம் மட்டும் நேர்கோடு இல்லை. நடு ஹாலைச் சுற்றி மேற்கும் கிழக்கும் மாடிகளுமாக வளையம் வளையமாகக் கட்டியிருக்கிறார்கள். ஆட்டத்தில் லியான், க்ளேர் என்று இரண்டு நாயகர்கள். ஸ்பேட், டயமண்ட் சாவிகள் இருவருக்கும் பொது. க்ளப் சாவி லியானுக்கு மட்டும், ஹார்ட் சாவி க்ளேருக்கு மட்டும். ஒரே கட்டடத்தில் ஆளுக்கு ஆள் திறக்கும் அறை மாறுகிறது. எந்தக் கதவை முதலில் திறப்பது, எந்த நடைபாதையை எத்தனை முறை கடக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தவருக்கு இது அப்படியே கணக்குப் பாடம்.

அந்தக் கணக்கில் புதியவர்கள் முதலில் தவறுவது தோட்டாவில். கண்ணில் பட்ட ஜாம்பியை எல்லாம் தலையில் சுட்டு வீழ்த்தப் பார்ப்பார்கள். விழுந்தது பாதி நேரம் மறுபடி எழும், தோட்டாதான் காலி. திரும்பத் திரும்பக் கடக்க வேண்டிய நடைபாதையில் மட்டும் முழுதாகக் கொல்லுங்கள். ஒரே ஒரு தடவை போகும் அறையில் காலைச் சுட்டு முடக்கிவிட்டு விலகி ஓடுங்கள். ஜாம்பி உள்ளே வராமல் ஜன்னலை அடைக்கும் பலகைகள் ஜன்னல்களை விடக் குறைவு என்பதால் தரைத்தள மேற்கு நடைபாதை ஜன்னல்களுக்கு முதலில் அடியுங்கள், அந்த வழியாகத்தான் அதிகம் போய்வர வேண்டியிருக்கும். லிக்கர் என்ற மிருகத்துக்குக் கண் தெரியாது, காதுதான். ஓடாமல் மெதுவாக நடந்தால் பக்கத்திலேயே கடந்துவிடலாம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வருபவர், முதல் ரன்னில் ஏழெட்டு மணி நேரம் எடுத்ததை மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்.

கேமைச் செய்த கேப்காம் இதில் ஒரு நுட்பம் செய்திருக்கிறது. பெட்டக எண்கள் ரன்னுக்கு ரன் மாறாது, சிலைப் புதிர்கள் மாறும். முதல் ரன்னில் சிங்கச் சிலையில் திருப்பி வைக்க வேண்டிய படங்கள் சிங்கம், கிளை, கழுகு. மற்ற ஆளோடு தொடங்கும் இரண்டாவது ரன்னில் அதே சிலைக்குக் கிரீடம், தீப்பந்தம், புறா. தெரிந்ததில் பாதி செல்லும், பாதி செல்லாது. அந்தப் பாதிதான் ஆளை மறுபடி இழுக்கிறது. ஹார்ட்கோர் என்ற கடின நிலையில் ஆட்டோசேவ் கிடையாது, சேவ் செய்ய மை ரிப்பன் வேண்டும். உச்ச மதிப்பெண்ணான எஸ் ப்ளஸ் ரேங்க் வேண்டுமென்றால் மொத்தமே மூன்று சேவ்தான். எனவே எங்கே சேவ் செய்வது என்பதும் திட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அதற்கு முன் 15 ராக்கூன் பொம்மைகளையும் உடைத்துவிடுவது நல்லது, உடையாத கத்தி கிடைக்கும். சாக்கடைப் பகுதியில் மட்டும் இந்தச் சுவை குறைகிறது. அங்கே வழி ஒடுங்கிவிடுவதால், தெரிந்திருந்தாலும் வேகமாகக் கடப்பதைத் தவிரப் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை.

இதற்கு நேர் எதிர், புதையல் தேடும் கேமான அன்சார்ட்டட் 4. 2016-ல் வந்தது, 22 அத்தியாயங்கள், ஒரு பின்னுரை. முதல் தடவை இதைப் போல ரசித்து விளையாடக்கூடிய கேம்கள் குறைவு. பத்தாவது அத்தியாயத்தில் மடகாஸ்கர் சமவெளியில் ஜீப்பைக் கொடுத்து அவிழ்த்துவிடும்போது ஓப்பன் வேர்ல்டு போலவே இருக்கும். இரண்டாவது தடவை அதே சமவெளியில் சக்கரத் தடங்களைப் பார்த்தால் உண்மை தெரியும்: அகலமான வழி, ஆனால் ஒரே வழி. ஓரங்களில் இருப்பவை பொக்கிஷங்களும் சில உரையாடல்களும்தான். மொத்தம் 109 பொக்கிஷங்களையும் எடுத்தாலும் ஆட்டத்தின் போக்கு மாறாது. முதல் ரன்னில் தெரிந்துகொண்டது இங்கே வேலையே செய்வதில்லை. கேம் மோசம் என்று சொல்லவில்லை. முழுதாகத் திரும்ப ஓட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். மெனுவில் அத்தியாயத்தையும் அதற்குள் சண்டைக் கட்டத்தையும் தனித்தனியாகத் தேர்வு செய்யலாம். பிடித்த சண்டைகளை மட்டும் கடினத்தைக் கூட்டி, எதிரி கண்ணில் படாமல் முடிக்கப் பாருங்கள். அதில் கொஞ்சம் உயிர் இருக்கிறது.

இப்போது பெரிய மேப்புக்கு வருவோம். தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்டு, 2017 மார்ச். கிரேட் பிளாட்டோ மேட்டில் ஷ்ரைன் எனும் புதிர்க் கோயில்கள் நான்கை முடித்து, காற்றில் மிதந்து இறங்க உதவும் பாராக்ளைடர் வாங்கிய நொடியிலிருந்து எந்தத் திசையிலும் போகலாம். அங்கிருந்து நேராகக் கோட்டைக்கே போய், கடைசி எதிரியான கானனோடு மோதலாம். ஆனால் டிவைன் பீஸ்ட் எனும் நான்கு ராட்சத இயந்திர மிருகங்களில் முடிக்காதவற்றின் பாஸ்கள் (தலைமை எதிரிகள்) எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும், நான்கையும் முடித்திருந்தால் குறைந்திருக்க வேண்டிய கானனின் பாதி உயிரும் குறையாது.

இதன் சிக்கல் இரண்டாவது ரன்னில்தான் தெரியும். 120 ஷ்ரைன்கள், ஒளிந்திருக்கும் குட்டி வன ஆவிகளான 900 கொரோக்குகள், மேப்பைத் திறக்கும் 15 டவர்கள் என்று எண்ணிக்கை பிரமாதம். ஆனால் ஒரு மலை உச்சியில் ஒற்றைக் கல்லைப் பார்த்தால் முதல் தடவை "அங்கே என்ன இருக்கும்?" என்று ஏறினோம். இப்போது கல்லைத் தூக்கினால் கொரோக் வரும் என்று ஏறாமலேயே தெரியும். தேடல்தான் இந்தக் கேமின் எரிபொருள், தெரிந்தது அந்த எரிபொருளைக் குடித்துவிடுகிறது. 900 கொரோக்கையும் பிடிப்பதை ரீப்ளே என்று நினைக்காதீர்கள். ஆயுதம், வில், கேடயம் வைக்கும் இடங்கள் அனைத்தையும் திறக்க 441 போதும். அதற்கு மேல் பிடிப்பவை விளையாட்டை எந்த விதத்திலும் மாற்றாது.

அப்படியானால் இந்தக் கேமுக்கு ரீப்ளே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் கேம் அதைத் தட்டில் வைத்துத் தராது, நாமே விதி போட்டுக்கொள்ள வேண்டும். முதலில் சேவ் விஷயம். ஸ்விட்ச் கன்சோலில் அதே ப்ரொஃபைலில் புது கேம் தொடங்கினால் பழைய ஆட்டோசேவ்களின் மேல் எழுதிவிடும். இதைக் கவனிக்காமல் நூறு மணி நேர சேவை இழந்தவர்கள் உண்டு. புதிதாக ஒரு யூசர் ப்ரொஃபைல் போட்டு அதில் தொடங்குங்கள். செட்டிங்ஸில் திரைக் குறிகளைப் ப்ரோ நிலைக்கு மாற்றுங்கள், மினி மேப் போய்விடும். டவர்களைத் தொடாதீர்கள். மேப் வெறுமையாகவே இருக்கும். எரிமலையையும் இரட்டைச் சிகரத்தையும் கோட்டையையும் கண்ணால் பார்த்துத்தான் திசை கணிக்க வேண்டும். இந்த உலகத்தை வடிவமைத்தவர்கள் எங்கு நின்றாலும் ஏதாவது ஒரு அடையாளம் கண்ணில் படும்படி எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார்கள் என்பது இப்படி விளையாடும்போதுதான் புரியும். முதல் தடவை மினி மேப்பில் கண் வைத்தே ஓடியதால் தவறவிட்டது அது.

அடுத்து, வரிசை. பெரும்பாலானோர் கதை சொல்கிறபடி முதலில் ஸோரா மக்களின் பக்கம் போய் ரூட்டா என்ற டிவைன் பீஸ்ட்டை முடிப்பார்கள். பரிசாக, அதை ஓட்டிய வீராங்கனை மிஃபா தருவது செத்தால் எழுப்பிவிடும் சக்தி. அது கையில் வந்ததும் மற்ற மூன்று பீஸ்ட்களும் பயம் காட்டாது. மெதோ என்ற பீஸ்ட்டை முடித்தால் ரெவாலியின் காற்று என்ற சக்தி கிடைக்கும். மூன்று தடவை மேலே தூக்கிவிடும், ஆறு நிமிடத்தில் மறுபடி நிரம்பும். மலையேற்றம்தான் இந்தக் கேமின் இதயம், அந்தக் காற்று அதையே எடுத்துவிடுகிறது. அதனால் இரண்டாவது ரன்னில் மெதோவைக் கடைசியில் வையுங்கள். முதலில் பாலைவனம், அங்கே இருக்கும் பீஸ்ட் நபோரிஸ். அங்குள்ள பாஸ்தான் நால்வரில் வேகமானது. மூன்று நான்கு இதயத்தோடு அதைச் சந்திப்பது முற்றிலும் வேறு அனுபவம். கெருடோ நகருக்குள் நுழைய உடை வேண்டும், காரா காரா பஜார் மாடியில் நிற்பவரிடம் 600 ரூப்பி. அதைச் சேர்ப்பதே ஆரம்பத்தில் தனிப் போராட்டம்.

ஃபாரன் டவரைச் சுற்றிக் காய்க்கும் ஹார்ட்டி டூரியன் பழத்தையும் விலக்கி வையுங்கள். ஐந்தைப் போட்டுச் சமைத்தால் உயிர் முழுதாக நிரம்பி, மேலே 20 மஞ்சள் இதயங்கள் சேரும். தெரிந்தவர் கையில் அது கேமையே உடைத்துவிடும்.

மழையைப் பற்றிப் புகார் சொல்லாதவர் இல்லை. ஈரப்பாறையில் நாலு எட்டு ஏறியதும் கை வழுக்கும். நாலாவது எட்டுக்குப் பிறகு ஒரு தாவல் போட்டால் வழுக்கலை ஓரளவு ஈடுகட்டலாம், ஆனால் ஸ்டாமினா (தெம்பு) நிறையப் போகும். ஏறும் வேகத்துக்கான உடைத் தொகுப்பில் தலைத்துணி இரட்டைச் சிகரத்தருகே ரீ டாஹீ ஷ்ரைனிலும், காலணி ஹடேனோ அருகே டாஹ்னோ ஆ ஷ்ரைனிலும் இருக்கின்றன. இரண்டும் ஒரே வழியில் என்பதால் தெரிந்தவர் ஆரம்பத்திலேயே எடுத்துவிடலாம். வேகம் கூடும், ஆனால் வழுக்கலை அது தடுக்காது. பாறை விளிம்புக்கு அடியில் விறகு மூட்டி நேரத்தைக் கடத்துவதுதான் நல்லது.

மாஸ்டர் மோடு என்ற கடின நிலை பற்றிக் கொஞ்சம். காசு கொடுத்து வாங்கும் கூடுதல் தொகுப்பில் வருவது. எதிரிகள் ஒரு படி மேல், அடிப்பதை நிறுத்தினால் உயிர் தானாக நிரம்பும். தொடங்கும் மேட்டிலேயே, பலமான எதிரிகளில் ஒன்றான லைனல் காத்திருக்கும். ஆரம்பத்தில் கையில் இருக்கும் குச்சிகள் எதிரி சாவதற்குள் உடைந்துவிடும். அதனால் அடித்துக் கொல்வதை விட்டுவிட்டு, போகோப்ளின் எனும் சிறு எதிரிகளை ஆழமான தண்ணீரில் தள்ளுவதும் பாறையை உருட்டிவிடுவதும்தான் வழி. மேட்டைத் தாண்டும் வரை அருமை, பிறகு ஆயுதம் தேறியதும் வெறும் உயிர்ப்பட்டை நீட்டலாகிவிடுகிறது. இந்த மோடில் நாமே செய்யும் சேவுக்கு இடம் ஒன்றுதான் என்பதையும் மறக்காதீர்கள். அதே தொகுப்பில் வரும் ஹீரோஸ் பாத் கடைசி 200 மணி நேரம் நடந்த தடத்தை மேப்பில் வரைந்து காட்டும். முதல் ரன்னின் சேவில் அதைத் திறந்து, பச்சைக் கோடு படாத இடங்களைக் குறித்துக்கொண்டு, புது ரன்னை அந்தப் பக்கமாகத் திருப்புங்கள். முழுதும் பார்த்துவிட்டோம் என்று நினைத்தவர்களுக்கே பெரிய பெரிய ஓட்டைகள் தெரியும்.

2023-ல் வந்த டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் இதே நிலப்பரப்பின் மேல் வானத்தையும் கீழே பாதாளத்தையும் சேர்த்தது. அதிலும் அதே வியாதி, வேறு உருவில்: இரண்டு ஃபேன், ஒரு ஸ்டியரிங் ஸ்டிக். மூன்றையும் ஒட்டினால் பறக்கும் பைக். ஒருமுறை செய்ததைத் திரும்பக் கட்டித் தரும் ஆட்டோபில்டில், ஒன்பது ஸோனைட் தாதுச் செலவில் நினைத்த இடத்தில் வந்து நிற்கும். இதைத் தெரிந்துகொண்டவர் அப்புறம் தரையில் நடப்பதே இல்லை. ரன் சுவைக்க வேண்டுமென்றால் அந்த மூன்று பாகத்தையும் ஒன்றாக ஒட்டுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, 2019-ல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ். 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் ஆரம்பத்துக்குத் திரும்பும் ஒரு சின்னச் சூரியக் குடும்பம். ஆயுதம் இல்லை, லெவல் இல்லை. ஒரு சுழற்சியிலிருந்து அடுத்ததற்குக் கூட வருவது நீங்கள் தெரிந்துகொண்டது மட்டும். இரட்டைக் கோள்களில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் குகைகள் புதையும், இன்னொரு பக்கம் புதைந்திருந்தவை வெளியே வரும். ஒரே இடத்துக்கு மூன்றாவது நிமிடத்தில் போவதும் பதினைந்தாவது நிமிடத்தில் போவதும் வேறு வேறு. முதல் முறை இதைவிடச் சுதந்திரமான தேடல் எந்தக் கேமிலும் கிடையாது என்பேன். வழிகாட்டி வீடியோ எதையும் பார்க்காதீர்கள். சிக்கிக்கொண்டால் கண்டுபிடித்ததைக் குறித்து வைக்கும் கப்பல் லாக்கைத் திறந்து, இங்கே இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது என்று ஆரஞ்சுக் குறி காட்டும் இடத்துக்குத் திரும்புங்கள். அது போதும்.

முடித்த பிறகு? முடிவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் ஒரே சுழற்சிக்குள் முடித்துவிடலாம். பூட்டி வைத்திருந்தது தெரியாமை ஒன்றுதான், அது போனதும் ஆட்டமே இல்லை. 2021-ல் வந்த எக்கோஸ் ஆஃப் தி ஐ கூடுதல் பகுதியை உடனே வாங்காமல் சில மாதம் தள்ளி வையுங்கள், புதிதாகத் தேட அது ஒன்றுதான் மிச்சம். இருட்டும் பயமும் ஒத்துவராதவர்கள் அதற்கென இருக்கும் பயம் குறைக்கும் அமைப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு இந்தக் கேமைத் திரும்ப அனுபவிக்க ஒரே வழி, விளையாடாத ஒருவரை உட்கார வைத்துப் பக்கத்தில் இருந்து பார்ப்பது. வாயைத் திறக்கவே கூடாது. ஆட்டோபைலட் நேர்கோட்டில் போகும், நடுவில் சூரியன் இருப்பதைக் கணக்கில் எடுக்காது. அவர் அதைப் போட்டுவிட்டு மேப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரை மெல்ல ஆரஞ்சாகும். அப்போதும் சொல்லாதீர்கள்.